ஆரோனின் திருவுடைகள்

இஸ்ரவேலர் சரித்திரம்: 14ஆம் அத்தியாயம்

சீனாய் மலையடிவாரத்தில் பாளயமிறங்கியிருந்த இஸ்ரவேல் ஜனங்கள் தங்கள் காதணிகளையும் மோதிரங்களையும் வெண்கலக் கண்ணாடிகளையும் மனமுவந்து கொண்டுவந்து குவிக்க, யூதா கோத்திரத்துப் பெசலெயேலும் தாண் கோத்திரத்து அகோலியாபும் அவற்றைக்கொண்டு ஆசாரிப்புக் கூடாரத்தைச் சமைத்த வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கூடாரம் ஆயிற்று, பலிபீடம் ஆயிற்று, பொன்விளக்கும் ஆயிற்று. இனி அவற்றினிடையே நின்று ஊழியம் செய்ய மனிதர் வேண்டும். அந்த மனிதரை நியமிக்கும் முறையைச் சொல்லப் புகுந்த தோரா, ஆரோனுடைய கல்வியையோ நாவன்மையையோ எடுத்துக்கூறாமல், யாத்திராகமத்தின் 28ஆம் அதிகாரத்தின் 43 வசனங்களையும் ஏறக்குறைய முழுவதும் அவரும் அவர் புதல்வரும் அணியவேண்டிய ஆடைகளுக்கே ஒதுக்கிவிட்டு, அவர்களை அபிஷேகம் செய்யும் முறையை அதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் விவரிக்கிறது. முதலில் ஆடை, பிறகே ஆள் என்பது அந்நூல் வகுத்த கிரமம்.

மகிமைக்காகவும் அழகுக்காகவும் இவ்வாடைகள் செய்யப்பட வேண்டும் என்று அந்நூலே நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. நேற்றுவரை எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு ஜனத்தார், தம் இனத்தவன் ஒருவன் பொன்னும் மணியும் துலங்க நிற்பதைக் கண்டு மகிழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த அதிகாரத்தை ஊன்றிப் படிப்போர்க்கு மற்றோர் உண்மை புலனாகும். அங்கே விதிக்கப்பட்ட அணிகள் ஒவ்வொன்றும் அணிபவர்மேல் ஏதோ ஒரு பாரத்தை ஏற்றுகின்றன. தோளில் ஒரு பாரம், நெஞ்சில் ஒரு பாரம், நெற்றியில் ஒரு பாரம். உலகத்து அரசர் பலரும் தம் பெருமையைப் பிறர் காண்பதற்காக அணிகலன் பூண்டனர். இந்த ஆசாரியரோ தம் ஜனத்தைத் தம்மேல் எழுதிச் சுமப்பதற்காகப் பூண்டார். இவ்வத்தியாயத்தில் நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து இதுவே.

நூலும் நிறமும்

ஆடைகளுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து: பொன், இளநீல நூல், இரத்தாம்பர நூல், சிவப்பு நூல், ஆளிச்செடியின் நாரால் திரித்த மெல்லிய வெண்ணூல். இவற்றுள் நடுவே உள்ள மூன்றும் சாயம் ஏற்றிய ஆட்டுமயிர். இளநீலமும் இரத்தாம்பரமும் மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில், தீரு, சீதோன் முதலிய பட்டணங்களை அடுத்த கடற்பாறைகளில் வாழும் முள்ளோட்டுச் சங்குகளிலிருந்து கிடைத்தவை என்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு. அச்சங்கின் உடலில் உள்ள ஒரு சிறு சுரப்பியைக் கீறினால் கசியும் நீர், முதலில் நிறமற்றதாய் இருந்து, காற்றுப்பட்டவுடன் மஞ்சளாகிப் பச்சையாகி இறுதியில் ஊதா நிறம் கொள்ளும். 1909ஆம் ஆண்டில் பவுல் பிரீட்லாந்தர் என்னும் ஜெர்மானிய ரசாயன அறிஞரால் 12,000 சங்குகளிலிருந்து எடுக்க முடிந்த சாயம் 1.4 கிராம் மட்டுமே என்றால், ஓர் அங்கி முழுவதையும் நீலத்தில் தோய்த்தெடுக்க எவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். சிவப்பு, மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒருவகைச் செதிற்பூச்சியின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது. உண்ணத்தகாதவை என்று அதே தோரா விலக்கிவைத்த சிற்றுயிர்களே அதன் மகா பரிசுத்தமான ஆடைக்கு நிறம் தந்தன. தென் இஸ்ரேலின் திம்னாப் பள்ளத்தாக்கில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இரத்தாம்பரத் துணித்துணுக்குகள் கிடைத்த செய்தி 2021ஆம் ஆண்டில் வெளியானபோது, நூல்களில் படித்த அந்நிறத்தைக் கண்ணாலும் காணும் வாய்ப்பு உலகிற்குக் கிட்டியது.

பொன்னை நூலாக்கிய விதத்தையும் யாத்திராகமம் சொல்லாமல் விடவில்லை. பொன்னைத் தகடாக அடித்து, அத்தகட்டை இழைகளாகக் கத்தரித்து, அவ்விழைகளை நிறநூல்களோடு சேர்த்து நெய்தனர். ஒவ்வொரு நிறத்திலும் ஆறு இழை எடுத்து, அவ்வாறோடு ஒரு பொன்னிழையைக் கூட்டி ஏழாக முறுக்கி, அத்தகைய நான்கு முறுக்குகளை மீண்டும் ஒன்றாய்ச் சேர்த்து 28 இழை கொண்ட ஒரே நூலாக்கினர் என்று தால்மூத்து என்னும் யூதரின் பேருரைத் தொகுதி கணக்கிடுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர், ஆலயம் அழிந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரும், நாளையே அதை நெய்யப் போகிறவர் போல இந்தக் கணக்கைத் தம் சட்டநூலில் சிரத்தையுடன் எழுதிவைத்தார்.

இந்த நெசவில் மற்றொரு விசேஷம் அடங்கியிருக்கிறது. ஆட்டுமயிரையும் ஆளிநாரையும் ஒரே துணியில் கலந்து அணியலாகாது என்று லேவியராகமமும் உபாகமமும் பொதுஜனங்களுக்குக் கண்டிப்பாக விதித்திருக்க, ஆசாரியரின் ஏபோத்து என்னும் மேலாடையிலும் மார்ப்பதக்கத்திலும் அரைக்கச்சையிலும் அவ்விரண்டும் கலந்தே நெய்யப்பட்டன. கூடாரத்தின் உள்விரிப்புகளும், மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்த திரைச்சீலையும் அதே கலவையால் ஆனவை. ஆகவே ஆசாரியர் தம் ஆடையை உடுத்திக்கொண்டபோது கூடாரத்தின் துணியையே உடுத்தியவரானார். வீட்டில் அணியக்கூடாத அக்கலவை, அவர் இப்போது தமக்கென வாழும் தனிமனிதர் அல்லர் என்பதை அவர் தோலுக்கே உணர்த்திக்கொண்டிருந்தது.

வெள்ளாடை நான்கு

சாதாரண ஆசாரியருக்கு உரிய ஆடைகள் நான்கு. இடையிலிருந்து தொடைவரை மறைக்கும் சல்லடம், உடல் முழுவதும் தழுவி நிற்கும் நீண்ட உட்சட்டை, அரைக்கச்சை, தலைப்பாகை. கச்சை ஒன்றில் மட்டும் நிறநூல் உண்டு. ஏனையவை தூய வெண்மை. காலணியைப் பற்றித் தோரா ஒன்றும் கூறாமையால், ஆசாரியர் ஆலயத்தின் கல்தளத்தில் வெறுங்காலோடு ஊழியம் செய்தனர். உடலுக்கும் துணிக்கும் இடையே வேறொன்றும் இருக்கலாகாது. துணி தரையில் புரளலாகாது. அளவிற் குறையவும் ஆகாது. நான்கில் ஒன்று விடுபட்டாலும் ஊழியம் செல்லாது. ஒன்று மிகுந்தாலும் செல்லாது. ஆடை மேனிமேல் இருக்கும்வரையில்தான் ஆசாரியத்துவம் அவர்கள்மேல் இருக்கும். ஆடை நீங்கினால் அதுவும் நீங்கும் என்பது தால்மூத்தின் முடிபு. ஆரோனின் வமிசத்தில் பிறந்ததால் வந்த உரிமை ஆயுள் முழுவதும் நிலைக்குமாயினும், அந்த உரிமை செயலாவது ஆடை உடுத்தியிருக்கும் நாழிகைகளில் மட்டுமே.

அக்கச்சையின் நீளம் 32 முழம் என்பர். தாமே ஆசாரிய குலத்தில் பிறந்து, கி.பி. முதல் நூற்றாண்டில் எருசலேம் ஆலயத்தை அதன் இறுதி நாள்களில் கண்ணாரக் கண்ட சரித்திராசிரியர் ஜொசீபஸ், அதைக் கட்டும் விதத்தை நுணுக்கமாக விவரித்திருக்கிறார். மார்பைப் பலமுறை சுற்றி முடிந்தபின் அதன் முனைகள் கணுக்கால்வரை தொங்கும். ஆசாரியர் வேலையின்றி நிற்கையில் அவை அப்படியே அழகாய்த் தொங்கிக்கொண்டிருக்கும். பலியிடும் வேலை வந்ததும், கையைத் தடுக்காதபடி அவற்றை எடுத்து இடத்தோளின்மேல் போட்டுக்கொள்வர். இத்தகைய செய்தியை அங்கே நின்று பார்த்தவர் அல்லது கட்டிப் பழகியவர் ஒருவரே எழுத முடியும்.

இரண்டாம் ஆலயத்தில் இவ்வாடைகளைக் காத்து வழங்குவதற்கென்றே ஓர் அறையும் ஓர் அதிகாரியும் இருந்தனர். அவ்வதிகாரியின் பெயர் பினெகாஸ் என்று, தால்மூத்துக்கு மூலமான மிஷ்னா என்னும் சட்டத்தொகுதி கூறும். வெட்டுக்கல் மண்டபம் என்னும் இடத்தில் சனெதரீன் சபையார் அமர்ந்து, ஆசாரியராக வந்தவர்களின் வமிசாவளியைப் பரிசோதிப்பார்கள். குலத்தில் குற்றம் காணப்பட்டவர் கருப்பு உடுத்துக் கருப்புப் போர்த்து வெளியேறுவார். குற்றமற்றவர் வெள்ளை உடுத்து உள்ளே சென்று தம் சகோதரரோடு ஊழியத்தில் சேர்வார். கிழிந்து நைந்துபோன சல்லடங்களும் கச்சைகளும்கூட எறியப்படவில்லை. அவற்றைத் திரியாகத் திரித்து, கூடாரப் பண்டிகையின் இரவுகளில் ஆலயத்தின் பெண்கள் முற்றத்தில் நிறுத்தியிருந்த உயர்ந்த பொன்விளக்குகளில் இட்டு ஏற்றுவர். அந்த வெளிச்சம் எட்டாத வீட்டுமுற்றம் எருசலேமில் இல்லை என்று மிஷ்னா பூரிப்போடு சொல்கிறது.

பொன்னாடையும் அதன் பாரமும்

பிரதான ஆசாரியருக்கு இந்த நான்கின்மேல் இன்னும் நான்கு உண்டு: நீல அங்கி, ஏபோத்து, மார்ப்பதக்கம், நெற்றிப் பட்டம்.

அங்கி முழுவதும் இளநீலம். தலை நுழையும் துவாரம் கிழிந்துபோகாதபடி அதன் விளிம்பைச் சுற்றிலும் உறுதியான நெய்த கரை. கீழ்த்தொங்கலில் நீலம், இரத்தாம்பரம், சிவப்பு ஆகிய மூன்று நூல்களாலும் செய்த மாதுளங்கனிகளும் அவற்றினிடையே பொன்மணிகளும் தொங்கின. தோரா மணிகளின் தொகையைக் குறிக்கவில்லை. 72 என்றும், 36 என்றும் பிற்கால ஆசிரியர் கூறுவர். பரிசுத்த ஸ்தலத்திற்குள் அவர் செல்லும்போதும் அங்கிருந்து திரும்பும்போதும் அம்மணியோசை கேட்கவேண்டும். கேளாவிடில் அவர் உயிருக்கே ஆபத்து என்று நூல் எச்சரிக்கிறது. அரசன் முன்னிலையில் யாரும் அறிவிப்பின்றி நுழையலாகாது என்பதால் இவ்விதி ஏற்பட்டதெனச் சிலர் கூறுவர். உள்ளே நிற்கும் தம் பிரதிநிதியின் ஒவ்வோர் அடியையும் வெளியே நிற்கும் ஜனங்கள் ஓசையால் பின்தொடர்வதற்காக என்று வேறு சிலர் கூறுவர். இரண்டும் பொருந்துவனவே. தேவசந்நிதியில் அவருடைய நடையிற்கூட ஒளிவுமறைவு இல்லை.

ஏபோத்து என்பது பொன்னிழையும் நிறநூலும் கலந்து நெய்து, தோள்வார்களால் தாங்கப்பட்ட மேலாடை. அதன் இரு தோள்களிலும் இரண்டு கோமேதகக் கற்கள். முத்திரை வெட்டுவோர் செய்யும் வேலையைப் போலவே, ஒரு கல்லுக்கு ஆறு பெயராக, யாக்கோபின் பன்னிரண்டு புதல்வருடைய பெயர்களும் பிறந்த வரிசைப்படி அவற்றில் வெட்டப்பட்டிருந்தன. ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமும் கொண்டு, இரண்டாக மடிக்கப்பட்ட மார்ப்பதக்கத்திலோ, வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசைகளில் பன்னிரண்டு மணிகள். அவற்றிலும் அதே பன்னிரண்டு பெயர்கள். ஊரீம், தும்மீம் என்பவை அப்பதக்கத்தின் மடிப்பினுள் வைக்கப்பட்டிருந்தன. தேசத்துக் காரியங்களில் தெய்வத்தின் தீர்ப்பை அறியவேண்டியபோது அவற்றை நாடினர். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து மீண்டவர்களிடம் அவை இருக்கவில்லை என்பதை எஸ்றாவின் புத்தகத்தால் அறிகிறோம்.

ஒரே பெயர்கள் ஏன் இருமுறை எழுதப்பட்டன? இதற்கு விடை கற்களின் வேறுபாட்டிலேயே இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது. தோளில் இருந்த இரண்டும் ஒரே இனத்துக் கற்கள். ரூபனின் பெயருக்கும் பென்யமீனின் பெயருக்கும் அங்கே நிறபேதம் இல்லை. மார்பில் இருந்தவையோ பன்னிரண்டும் வெவ்வேறு மணிகள். ஒரு கோத்திரத்தின் ஒளி மற்றொன்றின் ஒளி அன்று. தோள் சுமை தாங்கும் இடம். நெஞ்சு நினைவு தங்கும் இடம். பொறுப்பைச் சுமக்கையில் ஜனங்கள் அனைவரும் அவருக்குச் சமம். நினைத்து மன்றாடுகையில் ஒவ்வொரு கோத்திரமும் அதனதன் இயல்போடு அவர் முன் நிற்க வேண்டும். அதனாற்போலும், பதக்கம் ஏபோத்தைவிட்டு ஒருபோதும் விலகாதபடி பொற்சங்கிலிகளாலும் நீல நாடாவாலும் பிணிக்கப்பட வேண்டும் என்று தோரா வற்புறுத்துகிறது. ஜனங்களின் பாரத்தை ஏற்றுக்கொண்டு அவர்களை மறந்துபோகும் தலைவனும், அவர்களை நினைந்து உருகியும் பாரத்தை ஏற்காத தலைவனும் இந்த ஆடைக்கு உரியவர் ஆகார்.

எல்லாவற்றுக்கும் மேலாக நெற்றியில் பசும்பொன் பட்டம். இரண்டு விரல் அகலத்தில் ஒரு காதிலிருந்து மறு காதுவரை எட்டிய அப்பட்டத்தில், இறைவனுக்கே பரிசுத்தம் என்னும் பொருள்படும் எழுத்துக்கள் முத்திரைபோல் பொறிக்கப்பட்டிருந்தன. நீல நாடா ஒன்று அதைப் பாகையோடு பிணைத்தது. ஜனங்கள் கொண்டுவரும் காணிக்கைகளில் அவர்களறியாமல் நேர்ந்த குற்றங்குறைகளை ஆரோன் தம் நெற்றியில் சுமந்து நின்று, அக்காணிக்கைகள் ஏற்கப்படும்படி செய்யவேண்டும் என்பதே அப்பட்டம் சூட்டியதன் காரணம். முடிபோல் விளங்கிய அணியும் பிறர் பிழையைத் தாங்கும் பாத்திரமாகவே அமைந்தது.

பொன்னைக் களையும் நாள்

ஆண்டுமுழுதும் பொன்னாடையில் திகழ்ந்த அவர், ஆண்டின் மிகப் புனிதமான பாவநிவாரண நாளில், மகா பரிசுத்த ஸ்தலத்திற்குள் காலடி வைக்குமுன், பொன்னையும் மணியையும் நீலத்தையும் கழற்றிவைத்துவிட்டு, நான்கே நான்கு வெள்ளாடைகளை உடுத்திக்கொண்டு நுழையவேண்டும் என்று லேவியராகமம் 16ஆம் அதிகாரம் விதிக்கிறது. பொற்கன்றைச் செய்த பாவத்திற்குப் பரிகாரம் தேடப் பொன்னோடு போவது தகாது. குற்றஞ்சாட்ட வந்த சாட்சியே பரிந்து பேசும் வழக்கறிஞராக முடியாது என்று தால்மூத்து இதற்குக் காரணம் காட்டும். கன்றை வார்த்தவர் ஆரோனே என்பதை நினைத்தால் இக்காரணத்தின் கூர்மை விளங்கும். அன்றைய தினம் பொன்னுக்கும் வெள்ளைக்குமாக ஆடை மாற்றும்தோறும் அவர் நீராட வேண்டும். நீராட்டு ஐந்து, கைகால் கழுவுதல் பத்து. காலையில் அவர் உடுத்தது எகிப்தின் பெலூசியம் பட்டணத்து வெண்டுகில் என்றும், பிற்பகலில் உடுத்தது இந்திய நாட்டு வெண்டுகில் என்றும் மிஷ்னா குறிக்கிறது. பின்னதன் விலை 800 வெள்ளிக்காசு என்பது ரபீ மேயிரின் வாக்கு. நம் தேசத்துத் துணி எருசலேமின் ஆலயம்வரை சென்று, ஆண்டின் மகா புனிதமான நாளில் ஊழியத்திற்கு உதவிற்று என்று படிக்கையில் நமக்கும் உவகை பிறக்கிறதல்லவா?

தம்பி உடுத்திய ஆடை

ஆரோனுக்கு முதன்முதல் இவ்வாடைகளை உடுத்தியவர் மோசே. தமையனைச் சபையார் அனைவருக்கும் முன்பாக நிறுத்தி, நீராட்டி, உட்சட்டை போட்டு, கச்சை கட்டி, அங்கி தரித்து, ஏபோத்தை இறுக்கி, பதக்கம் பூட்டி, பாகை வைத்து, பட்டம் சூட்டினார் தம்பி. பின்னர் அந்தப் புத்தாடைகளின்மேலேயே அபிஷேகத் தைலமும் பலியின் இரத்தமும் தெளிக்கப்பட்டன. அத்தனை உழைப்பில் உருவான எழிலாடையின்மேல் இரத்தத் துளி படிந்த பின்னரே அது ஊழியத்திற்குத் தகுதி பெற்றது.

நாற்பதாம் ஆண்டில், ஏதோம் தேசத்தின் எல்லையில், ஓர் என்று பெயர்பெற்ற மலையின் உச்சிக்கு அதே மோசே தம் தமையனையும் அவர் மகன் எலெயாசாரையும் அழைத்துச் சென்றார். ஆரோனுக்கு அப்போது வயது 123. சபை முழுவதும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க மூவர் ஏறினர். உச்சியில் மோசே தம் கையாலேயே ஆரோனின் ஆடைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி எலெயாசாருக்கு உடுத்தினார். ஆரோன் அங்கேயே உயிர்நீத்தார். இறங்கி வந்தவர் இருவர். முப்பது நாள் ஜனங்கள் துக்கங்கொண்டாடினர் என்று எண்ணாகமம் அச்செய்தியை முடிக்கிறது. ஆள் போவார், பதவி நிற்கும் என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உணர்த்திய நிகழ்ச்சி அந்நூலில் வேறில்லை. தந்தையின் ஆடையை ஏற்ற மகன் அதை ஏழு நாள் தொடர்ந்து அணிய வேண்டும் என்ற விதியும் முன்னரே எழுதப்பட்டிருந்தது. தந்தைக்கென்று தைத்த துணி தம் மேனிக்குப் பழகவும், தம் மேனி அத்துணிக்குரிய பொறுப்பில் பழகவும் அந்த ஏழு நாள் உதவியிருக்கும்.

உரைகாரர் கண்ட பொருள்

கிரேக்கக் கல்வி பரவிய காலத்து யூத அறிஞர் இவ்வாடைகளில் பிரபஞ்சம் முழுவதையும் கண்டனர். இயேசுநாதரின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோன், நீல அங்கியைக் காற்றென்றும், மாதுளங்கனிகளை நீரென்றும், மணியோசையை அவற்றின் இசைவென்றும், தோட்கற்களை வானத்தின் இரு அரைக்கோளங்களென்றும், மார்பின் பன்னிரு மணிகளைப் பன்னிரண்டு ராசிகளென்றும் கொண்டார். பிரதான ஆசாரியர் தம் குலத்துக்காக மட்டுமன்றி மனிதகுலம் முழுமைக்காகவும், நால்வகைப் பூதங்களுக்காகவும் வேண்டுகிறவர் ஆதலால் உலகத்தையே உடுத்திச் செல்கிறார் என்பது அவர் கொள்கை. ஜொசீபஸ் சிறிது மாறுபட்டு, மாதுளை மின்னலுக்கும் மணி இடிக்கும் அறிகுறி என்றும், கச்சை பூமியைச் சூழ்ந்த சமுத்திரம் என்றும், தோட்கற்கள் சூரிய சந்திரர் என்றும் எழுதினார்.

தால்மூத்தின் ஆசிரியர் வேறு வழியில் சென்றனர். ஆடைகளைப் பற்றிய பகுதியும் பலிகளைப் பற்றிய பகுதியும் அடுத்தடுத்து வருவானேன் என்ற கேள்வியை எழுப்பிய ரபீ ஆனானி பார் சாசோன், பலி பிராயச்சித்தம் ஆவதுபோல ஆடையும் பிராயச்சித்தம் ஆகிறது என்று விடைகூறி, எட்டு ஆடைகளுக்கும் எட்டுப் பாவங்களை வகுத்தார். உட்சட்டை கொலைக்குப் பரிகாரம். யோசேப்பின் அங்கியை அவன் சகோதரர் ஆட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்ததை நினைவுகொள்க. சல்லடம் காமக் குற்றத்திற்கு, பாகை அகந்தைக்கு, கச்சை மனத்தின் தீய எண்ணத்திற்கு, பதக்கம் தவறிய தீர்ப்புக்கு, ஏபோத்து விக்கிரக வணக்கத்திற்கு, நெற்றிப் பட்டம் வெட்கமின்மைக்கு, ஓசையுடைய அங்கி, ஓசையால் செய்யப்படும் பாவமாகிய புறங்கூறுதலுக்கு.

இவ்விரு நெறிகளுள் பிலோனின் நெறி விரிந்தது, வியக்கத்தக்கது. எனினும் தோராவின் சொற்போக்குக்கு அணுக்கமானது தால்மூத்தின் நெறியே என்பது என் அபிப்பிராயம். பெயர்களையும் தீர்ப்பையும் குற்றத்தையும் ஆரோன் சுமக்க வேண்டும் என்று நூல் திரும்பத் திரும்பச் சொல்கிறதே தவிர, ராசிகளையோ அரைக்கோளங்களையோ அது குறிப்பிடவில்லை.

கோட்டைக்குள் சிறைப்பட்ட அங்கி

ஆடையிலேயே பதவி அடங்கியிருக்கிறதென்றால், ஆடையைக் கைப்பற்றியவன் பதவியையும் கைப்பற்றியவனாகிறான் அன்றோ? இதை ஏரோது மன்னன் நன்கு அறிந்திருந்தான். ஆலயத்தை ஒட்டிய அந்தோனியாக் கோட்டையில் பிரதான ஆசாரியரின் ஆடையைத் தன் காவலில் வைத்துக்கொண்டால், ஜனங்கள் தனக்கு விரோதமாய்க் கிளம்பமாட்டார்கள் என்று அவன் நம்பினான். கி.பி. 6ஆம் ஆண்டில் யூதேயாவை நேரே ஆளத் தொடங்கிய ரோமரும் அவ்வழக்கத்தையே தொடர்ந்தனர். ஆசாரியரும் கருவூலக் காவலரும் முத்திரையிட்ட, கல்லால் கட்டிய ஓர் அறைக்குள் ஆடை கிடக்கும். கோட்டைத் தலைவன் நாடோறும் அங்கே விளக்கேற்றி வைப்பான். பண்டிகைக்கு ஏழு நாள் முன்னர் அது ஆசாரியர் வசம் ஒப்புவிக்கப்படும். அவர்கள் அதைச் சுத்திகரித்து அணிந்து, பண்டிகை கழிந்ததும் மீண்டும் கோட்டைக்கே கொண்டுபோய்க் கொடுப்பர். தம் ஜனத்தின் பெயர்கள் பொறித்த மணிகளை அந்நிய வீரனிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்த அந்நிலையை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

கி.பி. 36ஆம் ஆண்டளவில் சிரியாவின் அதிபதி விதேலியுஸ் எருசலேமுக்கு வந்தபோது, ஜனங்களின் வேண்டுகோளுக்கு இரங்கி ஆடையை அவர்களிடமே ஒப்புவித்தார். சில ஆண்டுகளில் பாதுஸ் என்னும் ஆளுநர் அதைத் திரும்பக் கேட்டார். யூதர்கள் தம் புதல்வரைப் பிணையாக வைத்துவிட்டு, ரோமாபுரிக்குத் தூது அனுப்பினர். இளைஞர் அகிரிப்பாவும் அவர்களுக்காகப் பரிந்து பேச, கி.பி. 45ஆம் ஆண்டில் கிளாதியுஸ் சக்கரவர்த்தி, ஆடை யூதரிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தார். ஓர் ஆடைக்காகப் பெற்ற பிள்ளைகளைப் பிணையாய் வைத்த ஜனம் அது.

கால் நூற்றாண்டுதான் கழிந்தது. கி.பி. 70ஆம் ஆண்டில் தீத்துவின் படைகள் ஆலயத்தை எரித்தபோது, தெபூத்தி என்பவரின் மகனான ஓர் ஆசாரியர், உயிர்ப்பிச்சை பெற்றுக்கொண்டு, பொன்விளக்குகளோடும் பாத்திரங்களோடும் மணிகள் பதித்த பிரதான ஆசாரியரின் ஆடையையும் எடுத்துக் கொடுத்தார் என்று ஜொசீபஸ் எழுதுகிறார். ஆலயப் பொக்கிஷதாரரோ சட்டைகளையும் கச்சைகளையும், திரைச்சீலையைப் பழுதுபார்க்கச் சேமித்திருந்த இரத்தாம்பரத்தையும் காட்டிக்கொடுத்தார். நெற்றிப் பட்டத்தை ரோமாபுரியில் தாம் கண்டதாகவும், அதன் எழுத்துக்கள் ஒரே வரியில் இருந்ததாகவும் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரபீ எலெயாசார் பென் யோசே கூறியதே அதைப்பற்றித் தால்மூத்து தரும் கண்கண்ட சாட்சி.

ஒற்றை நீல இழை

ஆலயம் போயிற்று, ஆடையும் போயிற்று, ஆனால் ஆடையின் தாத்பரியம் போகவில்லை. ஏனெனில் தோரா அதை ஆசாரியரோடு நிறுத்தவில்லை. இஸ்ரவேலர் ஒவ்வொருவரும் தம் ஆடையின் ஓரங்களில் தொங்கல்கள் செய்து, அவற்றில் ஓர் இளநீல இழையைச் சேர்க்கவேண்டும் என்று எண்ணாகமம் 15ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பிரதான ஆசாரியரின் பொற்பட்டத்தைப் பாகையோடு பிணைத்த அதே நிறம், அதே இழை, ஆடு மேய்ப்பவனின் துப்பட்டியிலும் தொங்கிற்று. ஜனம் முழுவதையும் ஆசாரிய ராஜ்யமாக்குவேன் என்று சீனாயில் அளிக்கப்பட்ட வாக்கு இந்த இழையால் ஒவ்வொரு குடிமகனின் மேனியையும் தொட்டது.

அச்சாயம் செய்யும் தொழில் இடைக்காலத்தில் மறைந்துபோக, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யூதர் வெண்தொங்கல்களோடு மட்டும் வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போலந்து தேசத்து ராட்சின் ஊரின் ரபீ கெர்ஷோன் ஹேனோக் லெய்னர் அதைத் தேடி இத்தாலிக் கடற்கரைவரை பயணம் செய்தார். 1913ல் லண்டன் சர்வகலாசாலையில் ஐசக் ஹெர்சோக் இச்சாயத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றார். இன்று கடற்சங்கிலிருந்து எடுத்த நீலத்தை மீண்டும் அணிவோர் உளர். ஜெப ஆலயங்களில் தோராச் சுருளுக்கே அங்கி உடுத்தி, மார்பில் வெள்ளிப் பதக்கம் தொங்கவிட்டு, தலையில் மணிகள் ஒலிக்கும் மாதுளை வடிவ அணிகளைச் சூட்டும் வழக்கத்தைக் காண்போர், ஆரோனின் உடை எங்கே போய்ச் சேர்ந்ததென்பதை அறிவர்.

உயர்ந்த பதவி ஒன்றை ஏற்பவர் எவராயினும், யாருடைய பெயர்களைத் தம் தோளிலும் நெஞ்சிலும் சுமக்கிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர். இதுவே இவ்வாடைகள் கற்பிக்கும் பாடம். அதை மறந்தவர்க்கு நேர்ந்த கதியை, ஆரோனின் புதல்வர் நாதாப், அபியூ என்னும் இருவரின் வரலாறாக அடுத்த அத்தியாயத்தில் காண்போம். அதற்குமுன் யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தையும் எண்ணாகமம் 20ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை சேர்த்துப் படித்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(தொடரும்)